ஒரு பிடி மண்

"என்னை நட்டவன் ஏமாத்துக்காரன்!" என்று கத்தியது காலனிப் பூங்காவின் புங்கங்கன்று. "பூங்கா முழுக்க உனக்குத்தான்னு சொன்னான். எந்தப் பக்கம் போனாலும் என் வேரே எனக்கு எதிர்ல வருது. இலையெல்லாம் காயுது. ஒண்ணும் புரியலை!"

பக்கத்தில் ஊர்ந்த மண்புழுவுக்கும் குழப்பம். "இங்கே ஈரம் இருக்கே, வாயேன்!" என்று தலையை நீட்டியது. வழுவழுவென்று ஏதோ முட்டியது. "அடப்பாவிங்களா! நர்சரியில போட்ட பிளாஸ்டிக் கவரைக் கழட்டாமலே புதைச்சிருக்காங்க!"

"கத்தாதீங்கப்பா," என்றது மேலே நின்ற பெயர்ப்பலகை. "மரம் நட்டாச்சுன்னு என் மேல எழுதியாச்சு. போட்டோவும் எடுத்தாச்சு. இன்னும் என்ன குறை?"

கன்று கொதித்தது. "உன்னோட எனக்குப் பேச்சில்லை. டேய் நட்டவனே! தண்ணிகூட வேண்டாம். வந்து இந்தக் கவரைக் கிழிச்சுவிடு, மீதியை நானே பார்த்துக்கறேன்!"