நான்கு கட்டத்திலும் தமிழர்

“மூவாயிரம் வருசமா எங்க வம்சத்துல ஒரு சொட்டுக் கலப்பு கிடையாது டாக்டர்,” என்றார் சுகுமாரன், கல்வெட்டைப் படிப்பவர் போல.

அவர் குடும்பம் மலேசியாவின் சிலிம் ரிவர் எஸ்டேட்டுக்கு வந்து நூறு வருடம் இருக்கும். அதற்கு முந்தைய இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்துக்கும் அவரே நேரடிச் சாட்சி.

ஈப்போ கிளினிக்கில் டாக்டர் ஷாமினி கேட்டது ஒன்றுதான்: தாத்தா, பாட்டி நால்வரும் என்ன இனம்? நான்கு மாதக் கர்ப்பிணியான மகள் தினேஸ்வரியின் படிவத்தைச் சுகுமாரனே பிடுங்கி நிரப்பினார். அவள் பார்த்தேயிராத அப்பாயி மாரியம்மா உட்பட, நான்கு கட்டத்திலும் ‘தமிழர்’.

மாப்பிள்ளை பவித்ரனின் படிவத்தில் இரண்டு தமிழர், இரண்டு சீனர்.

“ரோஜாக் லா,” என்றார் சுகுமாரன், காய், பழம் எல்லாவற்றையும் கலந்து காரம் போட்டுத் தரும் கடைத் தின்பண்டத்தைச் சொல்லி. “ஒரே ஃபாரத்துல ரெண்டு இனம் எழுத எனக்கெல்லாம் கை கூசும்.”

“காரம் போடவா, வேணாமா மாமா?” என்றான் பவித்ரன்.

தினேஸ்வரி சிரிக்கவில்லை. “குழந்தைக்கு என்ன டாக்டர்?”

“உங்க வீட்டுக்காரருக்குத் தலசீமியாங்கிற ரத்த நோயோட ஜீன் குறைபாடு இருக்கு. சீன வம்சத்துல அதிகமா வர்ற வகை. அவருக்கு மட்டும்னா பயமில்ல. அதே குறை உங்களுக்கும் இருந்தா, நாலுல ஒரு வாய்ப்பு... குழந்தை தங்காது.”

தினேஸ்வரியின் கை வயிற்றுக்குப் போனது.

“ஆனா உங்க பக்கம் சீனக் கலப்பே இல்லையே. தமிழர்கள்கிட்ட இந்த வகை ரொம்ப அபூர்வம். உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கிறது இரும்புச்சத்து குறைச்சலாலதான். ஜீன் டெஸ்ட் வேணாம், மாத்திரை போதும்.”

“கேட்டியாம்மா,” என்றார் சுகுமாரன். குரல் ஏனோ எழும்பவில்லை.

காரருகே வந்ததும், “சாவிய உள்ளயே வச்சிட்டேன்,” என்று திரும்பி நடந்தார். சாவி பவித்ரன் கையில் இருந்தது. தினேஸ்வரி பின்னாலேயே போனாள்.

கதவு பாதி திறந்திருந்தது. அப்பா படிவத்தின் மேல் குனிந்து, ஒரு கட்டத்தில் ‘தமிழர்’ என்பதை அடித்துவிட்டு ‘சீனர்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“மகளுக்கும் அந்த டெஸ்ட்ட எடுத்துருங்க டாக்டர்,” என்றார் மெதுவாக. “மாரியம்மாங்கிறது வளர்த்தவங்க வச்ச பேரு. என்னைப் பெத்தவ, ஜப்பான்காரன் காலத்துல ஒரு சீனக் குடும்பம் எங்க எஸ்டேட் லயத்துல குடுத்துட்டுப் போன பச்சப்புள்ள.”