புதன்கிழமைக்குச் சாமி இல்லை

நர்மதாவை இன்றைக்குக் காப்பாற்ற எந்தச் சாமியும் வரப் போவதில்லை. காலையில் படகில் ஏறும்போதே அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

"இன்னிக்கும் விரதம்னு சொல்லிடாத கண்ணு," என்று மதியம் வீட்டு வாசலிலேயே மடக்கினாள் மலர். "எறா தொக்கு, சுடச்சுட கீது. குந்து."

எண்ணூர் கழிமுகத்தின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அதில் என்னென்ன விஷம் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது நர்மதாவின் வேலை. அறிக்கை போனால்தான் தூர்வாரிச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கும். ஊரில் யாரும் படகு தர முன்வராதபோது, "நம்ம ஆறு சுத்தமாவுதுன்னா நான் வர்றேன்" என்று வந்தவன் மலரின் புருஷன் பொன்ராஜ்.

படகோடு மதியச் சாப்பாடும் சேர்த்தி என்று மலர் முடிவு கட்டிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. அந்தச் சேற்றில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று நர்மதாவுக்குத் தெரியும். அதைத் தின்று வளரும் இறாலைப் பற்றியும் தெரியும்.

வந்த முதல் நாள் வியாழன். "சாய்பாபாவுக்கு விரதம்க்கா" என்று தப்பித்தாள். வெள்ளிக்கு அம்மனும் சனிக்குப் பெருமாளும் கைகொடுத்தார்கள். ஞாயிறு நல்லவேளையாக விடுமுறை. திங்களைச் சிவனும் செவ்வாயை முருகனும் பார்த்துக்கொண்டார்கள். மலரும் முகம் கோணாமல் ரசமும் அப்பளமும் போட்டு அனுப்பினாள். புதனுக்கு யாரைப் பிடிப்பது?

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஊரே ஒதுங்கியபோது துணைக்கு வந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, 'உங்கள் சாப்பாட்டைத் தொடப் பயமாக இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது? சேறு எடுக்க இன்னும் ஓர் இடம் பாக்கி, அதுவும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் வந்து கலக்கிற இடம். நாளைக்குப் படகு வராவிட்டால் அறிக்கை அரைகுறைதான். அதையெல்லாம் விட, மலரின் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

"இன்னாம்மா ரோசன? எங்க வூட்டுச் சோறு எறங்காதா?" பெரிய சட்டியிலிருந்து தன் தட்டில் தொக்கை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டான் பொன்ராஜ்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நர்மதாவுக்குச் சுருக்கென்றது.

"ச்சே, அதெல்லாம் இல்லண்ணே. போடுங்கக்கா!"

மலர் அடுப்போரம் மூடி வைத்திருந்த ஒரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்து அவள் தட்டில் கவிழ்க்காத குறையாக வழித்துப் போட்டாள். நர்மதா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். அடுத்த வாய்க்குக் கண் தானாகத் திறந்துகொண்டது. தாம்பரத்தில் அவள் அம்மா வைக்கிற தொக்கெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ஆவது ஆகட்டும். இவர்கள் தினம் தின்பதை ஒரு நாள் தின்றால் செத்தா போய்விடுவோம்? தன் தைரியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் ஒருத்தி ஆகிவிட்ட மாதிரிகூட இருந்தது.

தட்டு காலி. சின்னச் சட்டியும் காலி. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறேன்க்கா" என்று உரிமையோடு எட்டி, பெரிய சட்டிக்குள் கரண்டியை விட்டாள்.

"அய்ய, அது வோணாம்!" மலர் பாய்ந்து வந்து சட்டியை இழுத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, ரொம்பக் காரமா?"

மலர் புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்து தட்டைப் பார்த்தான்.

"நாளுக்கொரு சாமிய இஸ்துகினு வந்தியே, எனக்குப் புரியாதா கண்ணு?" அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "அதான் காலைல காசிமேடு போயி, உனுக்குன்னு கடல் எறா வாங்கியாந்து தனியா வெச்சேன்."

நர்மதாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "அப்போ... இந்தச் சட்டியில?"

"ஆத்து எறா கண்ணு. அது எங்களுக்கு."