கந்தக மாப்பிள்ளை

“வந்தாச்சு கந்தகம்,” என்றார் மாமியார், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. “ஆள் கூடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நாத்தம் வந்து உட்கார்ந்துடுது.”

கந்தகம் என்பது அந்த வீட்டில் இளைய மாப்பிள்ளைக்குப் பெயர். பெட்ரோலிய ஆலையில், எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கிற பகுதியில் ஆபரேட்டர் வேலை. பெயர் வைத்தவர் மூத்த மாப்பிள்ளை. சென்ட் கடை வைத்திருப்பவர், மூக்கை வைத்தே பிழைப்பவர்.

இளைய மாப்பிள்ளைக்கென்று அங்கே தனிச் சட்டம் ஒன்று இருந்தது. வந்தால் வாசல் வழியாக வரக் கூடாது. சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு பிறகுதான் கூடத்தில் கால் வைக்க வேண்டும். ஆறு வருஷமாக வாயைத் திறக்காமல் அவரும் அப்படியே செய்துவந்தார்.

சற்று முன்பு சமையற்கட்டும் கொல்லையும் இருக்கும் பின்பக்கமிருந்து ‘சுர்’ரென்று ஒரு சத்தம் வந்தபோதே, குழாயைத் திறந்துவிட்டார் என்று மாமியார் அறிவித்துவிட்டார்.

கேஸில் டீக்குப் பாலை வைத்துவிட்டு வந்த மூத்த மகள், கேலியைத் தவறவிட மனமில்லாமல் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். அந்த நாற்றம் திரைச்சீலையில் ஏறினால் நாலு நாளைக்குப் போகாதாம்.

இளைய மகள் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் பெட்டி இருந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வந்து இரண்டு வாரமாகிறது. இன்றைக்குக் கணவர் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆனால் மாமியார் காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த வேலையைத் தலைமுழுகினால்தான் பெண்ணை அனுப்புவது. சென்ட் கடையில் அட்டைப்பெட்டி தூக்க ஓர் ஆள் தேவைப்படுகிறதாம்; மூத்த மாப்பிள்ளை பெரிய மனசு பண்ணியிருக்கிறார்.

“அப்படி என்னதான் வேலை அது, சொல்லேன்,” என்றார் மூத்த மாப்பிள்ளை. பத்தாவது தடவையாகக் கேட்கிறார்.

அவளும் பத்தாவது தடவையாகச் சொன்னாள். எண்ணெயில் உள்ள கந்தகத்தை ஒரு திரவம் பிடித்துக்கொள்ளும். அந்தத் திரவத்தை இன்னொரு டவரில் காய்ச்சினால் கந்தகம் வாயுவாகப் பிரிந்துவிடும். தெளிந்த திரவம் மறுபடி முதல் டவருக்கே போகும்.

“அதாவது, அழுக்குத் தண்ணியைக் காய்ச்சறது, திரும்ப அழுக்காக்கறது, திரும்பக் காய்ச்சறது. இதுக்கு ஒரு படிப்பு, ஒரு யூனிஃபார்ம்.”

“இன்னொண்ணு கேளுங்க மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “இவ்வளவு பாடுபட்டு நாத்தத்தை எடுத்துட்டு, வீடுகளுக்குப் போற ஒரு சரக்குல மட்டும் வேணும்னே ஒரு சொட்டு நாத்தத்தைச் சேர்த்து அனுப்பறாங்களாம். எதுக்குன்னு சொல்ல ஆரம்பிச்சார். நான் எழுந்து போயிட்டேன்.”

மூத்த மாப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடுக்கவும் சம்பளம், சேர்க்கவும் சம்பளமா என்று கேட்டு மறுபடி சிரித்தார்.

“இன்னைக்கு இந்த நாத்தம் வேற மாதிரி இருக்கும்மா,” என்றாள் இளையவள். “அவர் மேல இப்படி வராது.”

உனக்குப் பழகிப்போச்சு என்று அவள் வாயை அடைத்தாயிற்று. மூத்த மாப்பிள்ளை கடையில் வாடிக்கையாளர் முன்னால் செய்வதுபோலக் கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்தார். “அசல் கந்தகம். இருபது வருஷத்து மூக்கு, தப்பாது.”

மாமியார் கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “சோப்பை ரெண்டு தடவை போடுங்க. இங்க மனுஷங்க இருக்கோம்.”

பதில் இல்லை. பதில் சொல்கிற வழக்கமும் அவருக்கு இல்லை.

இளையவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “அவர் உள்ள வர வேண்டாம். நான் பின்பக்கமா போய் அவரோட அப்படியே கிளம்பறேன்.”

“போ. அந்தக் கதவைத் திறந்தேன்னா, இந்த வீட்டுக் கதவு உனக்கு இனிமே திறக்காது.”

அவள் பெட்டியோடு நடுக்கூடத்தில் நின்றாள். நாற்றம் கனத்துக்கொண்டே வந்தது. மாமியாருக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. அதற்கும் இளைய மாப்பிள்ளைதான் காரணம் என்று சொன்னார்.

“கவலையை விடுங்க அத்தை,” என்ற மூத்த மாப்பிள்ளை, தான் கொண்டுவந்த அன்பளிப்பைப் பிரித்தார். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மல்லிகை வாசனை மெழுகுவத்தி, அவர் கடையிலேயே விலை உயர்ந்தது. அதை டீப்பாயின் நடுவில் வைத்துவிட்டுச் சட்டைப்பையில் லைட்டரைத் தேடினார்.

இளையவளின் ஃபோன் அடித்தது. கணவரின் நம்பர். அவள் எடுப்பதற்குள் மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“பத்தடி தள்ளி நின்னுக்கிட்டு ஃபோன். துரைக்குத் துண்டு வேணும்போல.” எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, மெழுகுவத்தி பக்கத்தில் வைத்தார். மூத்த மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்த மாப்பிள்ளையின் கட்டைவிரல் லைட்டரின் சக்கரத்தில் ஏறியது.

“மன்னிச்சுக்கங்க அத்தை,” என்றது பணிவான குரல். “நான் இன்னும் பிளான்ட்டை விட்டே கிளம்பலை.”