பறக்கும் வீரன் அவசரப்பட்டுவிட்டான்

"மோசம் சார்! அந்தப் பறக்கும் வீரன் வில்லனை இவ்ளோ சீக்கிரமா பிடிச்சிருக்கவே கூடாது!"

சினிமாக் கொட்டகை வாசலில் தனக்கோடி சீறினாள். கணவன் குப்புராஜ் தலைகுனிந்து நின்றான்.

"ஏம்மா, பன்னெண்டு ஞாயிறு, பன்னெண்டு பாகமா தொடர் படத்தைப் போட்டு முடிச்சாச்சு. எல்லாரும் கை தட்டிட்டுத்தானே போறாங்க?" என்றார் மேனேஜர் நோயல்.

"தட்டட்டும்! அடுத்த தொடர் எப்போ?"

"வர்ற வருஷம்தான்."

"அதுவரைக்கும் நாங்க எங்க போறது? கல்யாணமாகி நாலு மாசம். ஆஸ்டின் டவுன்ல ஒத்தை ரூம்ல ஒன்பது பேர் இருக்கோம். ஆரம்பிச்ச கதையைப் பாதியில விட்டா வீட்டுக்கு ஆகாதுன்னுதான் மாமியார் வாராவாரம் எங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்பினாங்க!"

குப்புராஜ் முதன்முறையாக வாய் திறந்தான்.

"சார், முப்பது வாரம் ஓடுற தொடர் எந்தக் கொட்டகையில இருக்கு?"