டிவி சத்தம்

"எங்கேம்மா இருக்கே?" போனில் கேட்டேன்.

"வீட்லதான்டீ. கால நீட்டிப் படுத்திருக்கேன்."

"முட்டி வலி?"

"அதெல்லாம் போயே போச்சு. நீ சாப்பிட்டியா?"

"இப்பதாம்மா, ஆபீசுல."

இருபது வருஷம் அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டுகளைத் துடைத்த முட்டிக்கு வலியே இல்லையாம். காய்ச்சலோடு வேலைக்குப் போவாள். தொட்டுப் பார்த்தால் வெயில் சூடு என்பாள். இந்தப் பொய்களின் மேல் ஏறி நின்றுதான் நான் பட்டம் வாங்கினேன். நினைத்தாலே எரிச்சல் வரும்.

"பொய் சொல்லாதேம்மா. டாக்டரப் போய்ப் பாரு."

"உங்கிட்ட எனக்கென்னடீ பொய்?"

அப்போது போனுக்குள் வேறொரு குரல் கேட்டது. "டோக்கன் நாப்பத்தேழு, உள்ள வாங்க."

"யாரும்மா அது?"

"டிவி சத்தம்டீ."

அதே குரல் என்னுடைய இன்னொரு காதிலும் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுந்து பார்த்தேன். மூன்று வரிசை தள்ளி, போனும் கையுமாக அம்மா உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் போய் நின்றேன். பத்து நாளாக விடாத தலைசுற்றலுக்காக நான் வாங்கியிருந்த ஐம்பத்திரண்டாம் டோக்கனை அவள் உற்றுப் பார்த்தாள்.

"இப்படிப் பொய் சொல்ல எங்கடீ கத்துக்கிட்டே?"

"கொஞ்சம் நகர்ந்து உட்காரும்மா," என்றேன்.