நண்டப்பாவுக்குக் குரல் குடுத்தவர்

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணும், குலசிங்கம் அண்ணை!"

எத்தனை தரம் சொல்லியிருப்பன். கேட்டால்தானே? துறைமுக வீதியில இந்த முனாப்பின்ட தேத்தண்ணிக் கடைக்கு ஆர் புதுசா வந்தாலும் மனுசன் தொடங்கிவிடுவார்.

"முந்தி ரீவீயில ஒரு சவர்க்கார விளம்பரம் போனது, ஞாபகமோ? நண்டப்பா எண்டு ஒரு பொம்மை குளிக்க மாட்டன் எண்டு அடம்பிடிக்குமே? அந்தக் குரல் நான்தான்!"

"ஏலாது, ஏலாது! நான் குளிக்க ஏலாது!" எண்டு அந்த நண்டு கத்தினால் சின்ன வயசில நாங்க விழுந்து விழுந்து சிரிப்பம். அதுக்குக் குரல் இந்த மனுசனாம்!

"எங்க, ஒருக்காக் கதைச்சுக் காட்டுங்க" எண்டால் தொண்டை சரியில்லை எண்டுவார். அவருக்கு வலக்கை தோளுக்கு மேல எழும்பாது. "நண்டைத் தூக்கித் தூக்கி வந்த வினை" எண்டு அதுக்கும் ஒரு கதை.

போன கிழமை கொழும்பிலயிருந்து அந்தச் சவர்க்காரக் கொம்பனி ஆளே வந்திட்டார். ஹஸ்மி எண்டு பேர். கையில ஒரு பெட்டி. உள்ளுக்கு அதே நண்டப்பா, ஒரு கண் கழண்டு கிடந்தது.

"விளம்பரத்தைத் திரும்பச் செய்யப் போறம். பழைய குரல்தான் வேணும். பேர் எழுதி வைக்கல்ல. திருகோணமலை ஆள் எண்டு மட்டும்தான் தெரியும்."

இண்டைக்கு ஆள் மாட்டினார் எண்டு உடன போன் போட்டன்.

குலசிங்கம் அண்ணை மனுசி சிவபாக்கியம் அக்காவோட வந்தார். கடை நிறையச் சனம்.

நண்டை இடக்கையில மாட்டி வாயைத் திறந்தார். "ஏ...லாது..."

தகரத்தில ஆணி கீறின சத்தம். சனம் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சுது.

"நாப்பது வருசப் புழுகு பிடிபட்டுது!" எண்டன் நான்.

அண்ணை அசையேல்லை. மனுசியைத் திரும்பிப் பார்த்தார். "பாக்கியம், இனி நீ கதை."

"ஐயோ, இவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?"

"உன்னைப் பெத்த ஐயா போன வருசமே கண்ணை மூடிட்டார். இனி ஆருக்குப் பயம்? கதையப்பா!"

அக்கா நண்டை வாங்கினா.

"ஏலாது, ஏலாது! நான் குளிக்க ஏலாது! முனாப், முதல்ல நீ உன்ர கேத்திலைக் கழுவு!"

அதே குரல்! கடையே அதிர்ந்தது. றோட்டில போனவங்களும் ஓடி வந்தாங்க. ஹஸ்மி எழும்பி நிண்டு கைதட்டினார். "அம்மா, நீங்கதான்! நீங்கதான்!"

எனக்கோ பத்திக்கொண்டு வந்தது. "அப்ப பொஞ்சாதியின்ட பேரைத் திருடித்தான் இவ்வளவு காலமும் பெருமை அடிச்சீங்களோ? வெக்கமில்லையோ அண்ணை?"

"வாயை மூடு தம்பி!" அக்கா சீறினா. "இவர் கொழும்பில படப்பிடிப்புக்காரரிட்ட வயர் வேலை செய்தவர். சாப்பாடு குடுக்கப் போன இடத்தில நான் பகிடிக்குக் கதைச்ச குரலைப் பிடிச்சு விளம்பரத்தில போட்டிட்டினம். எங்கட ஊர் சல்லியில இருந்த ஐயாவுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். 'ஊர் சிரிக்கக் கூத்தாடுறியோ' எண்டு துடுப்போட வந்து நிண்டவர். எனக்கு ஓங்கின அடியை இவர்தான் வலக்கையால வாங்கினவர். 'மாமா, அது என்ர குரல்' எண்டவர். சொன்னதை ஊர் நம்ப வேண்டாமோ? அதுதான் கடை கடையாச் சொல்லித் திரிஞ்சவர்."

நான் கேத்திலை எடுத்து அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தினன்.

அண்ணை இடக்கையால கண்ணைத் துடைச்சார்.

"தம்பி ஹஸ்மி, இந்த முறை பேர் போடுவியளோ? போட்டால் பெரிசாப் போடுங்கோ, சிவபாக்கியம் எண்டு. சல்லிக் கடற்கரை வரைக்கும் தெரியட்டும்!"