கால் படக்கூடாத தளம்

“எறங்கிடுங்க மிஸ்ஸி! கம்பி கட்டுன தளத்துல பொம்பள கால் படக்கூடாது.”

ஏற்றப் பலகையின் பாதியில் நின்றிருந்த நவமணி திரும்பிப் பார்த்தாள். கீழே, வேலையாட்களை நடத்தும் மண்டோர் பத்துமலை, தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி பதறிக்கொண்டிருந்தான்.

அந்த விதியை யாரும் எழுதி ஒட்டியதில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொன்னதுமில்லை. ஆயினும் ஒப்பந்தக்காரர் காசிவிஸ்வநாதனின் ஆட்கள் எழுப்பிய கட்டடங்களிலெல்லாம் அது தவறாமல் நடந்துவந்தது. கம்பி பின்னி முடித்ததிலிருந்து கான்கிரீட் இறுகும்வரை பெண்கள் மேலே ஏறுவதில்லை. கீழே நின்று வாளிகளை நிரப்புவார்கள். சுமந்துகொண்டு ஏறுவது ஆண்கள்.

சிலிபின் பகுதியில் எழும் கடைவீட்டு வேலைக்கு மேற்பார்வையாளராக நவமணி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கட்டடத் தொழில் படித்துவிட்டு, அந்த நிறுவனத்தில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவள். கான்கிரீட் விழுமுன் கம்பிக்கட்டைச் சோதிக்க வேண்டியது அவள் பொறுப்பு.

காலையில் காசிவிஸ்வநாதன் கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “ரெண்டு மணிக்குக் கான்கிரீட். அதுக்குள்ள நீயே ஏறிப் பாத்துடணும். முடியாதுன்னா சொல்லிடும்மா, ஆம்பளை ஒருத்தரைப் போட்டுக்கிறேன்.”

“மேல போகாம நான் எப்படிண்ணே சோதிக்கிறது?” நவமணி பத்துமலையிடம் கேட்டாள்.

“கம்பி கட்டுற கார்த்திகேசு பாத்துட்டு வந்து சொல்லுவான். நீங்க சரின்னு சொல்லிடுங்க.”

“பார்க்காததைச் சரின்னு சொல்றதா?”

“மீறி ஏறுனா தளம் எறங்கிடும் மிஸ்ஸி. ஒருத்தனும் வாளியத் தொடமாட்டான். எல்லாம் வீட்டுக்குப் போயிடுவானுங்க.”

நவமணிக்குக் குழப்பமாக இருந்தது. இவர்கள் தன்னை வெறுத்திருந்தால் எப்படிச் சண்டையிடுவதென்று அவளுக்குத் தெரியும். ஆனால் நேற்றுதான் இதே பத்துமலை, மழையில் அவள் நனையக்கூடாதென்று சிமெண்டுச் சாக்குகளின் மேலிருந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். அன்புக்குக் குறைவில்லை, ஏறத்தான் விடமாட்டார்கள்.

“சரிண்ணே, இந்தப் பழக்கத்தை யார் கொண்டாந்தது?”

“எங்க அண்ணன் மண்டோரா இருந்தப்பவே இருக்கு. சீனன் பழக்கம்னு நெனைக்கிறேன்.”

பலகை அறைந்துகொண்டிருந்த தச்சர் ஆ செங் சுத்தியலோடு நிமிர்ந்தார். “ஹாயா! சீனன் பழக்கம் இல்லலா! இது ஓராங் இந்தியா, உங்க ஆளுங்க பழக்கம்லா. உங்க சாமிக்குப் பயந்து நான் என் பொண்டாட்டிய மேல ஏத்தல. அவ கீழ நின்னு என்னைத் திட்டுறா, தெரியுமா?”

ஆட்கள் சிரித்தார்கள். பத்துமலை மட்டும் சிரிக்கவில்லை. “யார் பழக்கமா இருந்தா என்ன? சாமி சாமிதான்.”

நவமணி பலகையிலிருந்து இறங்கினாள். மணல் குவியலருகே இருளாயி வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரப்பர்த் தோட்டத்தை விட்டுப் புந்தோங்குக்கு வந்த நாளிலிருந்து கட்டட வேலைதான் அவளுக்கு. அங்கிருந்த பெண்களில் மூத்தவள்.

“நீங்களாவது சொல்லுங்கக்கா, ஏன் ஏறக்கூடாது?”

இருளாயி தலை நிமிரவில்லை. “வேணாம் தாயி. கீழயே இருந்துக்க. கீழ இருக்குறது நல்லதுதான்.”

“யாருக்கு நல்லது?”

வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்த இருளாயியின் கை நின்றது.

நவமணி தலைக்கவசத்தைக் கழற்றினாள். கண்ணாடிச் சுவரை முட்டியதுபோல் இருந்தது. அடி படுகிறது, அடித்தவர் யாரென்று தெரியவில்லை.

“பத்துமலைண்ணே, மொதலாளிகிட்ட நானே சொல்லிடுறேன். ஆம்பளை யாரையாவது வரச் சொல்லட்டும்.”

“கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. ஆபீஸ்ல ஒக்காந்து செய்யுற வேலை ஏதாச்சும் கெடைக்கும்.”

“படிச்சது இதுக்குத்தான்ணே. கீழ நிக்கிறவளுக்கு இந்த வேலையே கிடையாது.”

அவள் நான்கடிகூட நடந்திருக்கமாட்டாள். பின்னால் வாளி உருளும் சத்தம் கேட்டது.

இருளாயி சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்றப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தாள். யாரும் வாய் திறப்பதற்குள் தளத்தின் நட்டநடுவே, பின்னிய கம்பிகளின்மேல் போய் நின்றாள்.

“சின்னம்மா! எறங்கு! சாமி குத்தம்!” பத்துமலையின் குரல் உடைந்தது.

“எந்தச் சாமிடா?” மேலிருந்து இருளாயி கத்தினாள். “நீ அப்பத் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்த. நான் வயித்துப் புள்ளையோட கான்கிரீட் வாளி தூக்கி ஏறிக்கிட்டு இருந்தேன். முடியலண்ணேன்னு ஒங்க அண்ணன்கிட்ட அழுதா, பேரை வெட்டிடுவேன்னான். மறுநாள் பூசையில தலைய விரிச்சுப் போட்டு ஆடி, கம்பி மேல பொம்பள கால் படக்கூடாதுன்னு சொன்ன சாமி நான்தான்டா!”

பிறகு, கீழே திகைத்து நின்ற நவமணியை நோக்கிக் கையை நீட்டினாள்.

“சாமியே சொல்லுது, ஏறி வா தாயி.”